மஞ்சள் துணியில் முடிந்த ரூபாய்

“அந்தம்மாகிட்ட நான் என்ன பிச்சையா கேட்டேன்? கொடுக்கத்தானே போனேன். நல்லது பண்ணப் போன மனுஷனை வாசல்லயே நிக்க வெச்சு, ‘இது எங்க காசு இல்லை, எடுத்துட்டுப் போங்க’ங்கறாங்க. தெருவே வேடிக்கை பார்க்குது. இனிமே என்னால ஆகாதும்மா.”

“இதையேதான் நேத்தும் சொன்னீங்க” என்றாள் பவளக்கொடி.

“அந்தம்மாவும் நேத்துச் சொன்னதையேதான் இன்னிக்கும் சொன்னாங்க.”

“நீங்க ஒரு வார்த்தைகூட மாத்தலை.”

“அவங்க மாத்தலை. நான் எதுக்கு மாத்தணும்?”

பவளக்கொடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு கொத்தை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். இராமபத்திரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே அதை வாங்கி உருவ ஆரம்பித்தார்.

குருவின் வீட்டில் விறகு வெட்டிய சீடர்கள் உண்டு. மாடு மேய்த்தவர்களும் உண்டு. கீரை ஆய்ந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

குருவுக்கு ஐம்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை அம்மா என்பார். இந்தக் கூத்தைச் சொல்லி இரண்டு வீட்டிலும் சிரித்து முடித்தாகிவிட்டது.

பவளக்கொடியின் கணவர் சபாபதி, திருச்சியில் பழைய காசு வாங்கி விற்றவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காசு எதில் சுற்றி வந்ததோ அதிலேயே திரும்பச் சுற்றி வைப்பார். புகையிலைத் தாளாக இருக்கும். குழந்தைச் சட்டையின் கிழிசலாக இருக்கும். ஏன் இந்தக் குப்பை என்று கேட்டால் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஒரு நாள் போயும் சேர்ந்துவிட்டார்.

காசு சேர்ப்பவர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். காபியைக் குடித்தார்கள். கண் மட்டும் பீரோ மேலேயே இருந்தது.

பவளக்கொடி அவர்கள் டம்ளரைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்.

“விக்கறதா இல்லை. யார் யார் வீட்லேருந்து வந்ததோ, அவங்கவங்க வீட்லயே கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் இராமபத்திரன். மறுவாரம் தனியாக வந்து நின்றவரும் அவர்தான்.

“எனக்கும் சொல்லிக் கொடுங்கம்மா.”

“என்னத்தை?”

“திருப்பிக் கொடுக்கறதை. என் வீட்லயும் ஒரு பீரோ இருக்கு.”

“அதுக்கு என்ன படிப்பு வேண்டியிருக்கு? கையில இருக்கறதைக் கொடுக்கணும். அவ்வளவுதான்.”

இவ்வளவுதானா என்று அவர் நினைத்துவிட்டார். அங்கேதான் பிடித்தது சனி.

*

இராமபத்திரனுக்குக் காசு வந்த வழியைத் தேடிப் பிடிப்பதில் ஒரு கிறுக்கு.

துணிக்கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் செய்ததெல்லாம் அந்த வேலைதான். எந்த ராஜா போட்ட காசு, எந்த வீட்டுப் பானையில் இருந்தது, யார் விற்றார், யார் வாங்கினார், அடுத்தது யார் கை என்று ஒரு கண்ணி விடாமல் கோத்துச் சொல்வார். காசு சேர்ப்பவர்கள் கூடுகிற இடத்தில், “வந்த வழி தெரியாது” என்று எவராவது சொன்னால், மூக்கைப் பொத்திக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

“வந்த வழி தெரியாத காசுன்னு ஒண்ணு கிடையாது. தேடத் தெரியாத ஆளுதான் உண்டு.”

காசு சேர்ப்பவர்களில் இதை அவர் வாயால் கேட்காதவர் திருச்சியில் இல்லை.

பவளக்கொடி அவருக்கு முதலில் கொடுத்தது ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். மஞ்சளில் தோய்த்த துணியில் சுற்றியிருந்தது.

துணியைப் பார்த்தாலே தெரியும், நேர்ந்துகொண்ட காசு. வீட்டில் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால், சாமியை நினைத்து ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து படத்தடியில் வைப்பார்கள். பிள்ளை எழுந்து நடமாடியதும் கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்ப்பார்கள். இந்தக் காசு கோயிலுக்குப் போகவில்லை. சபாபதியின் பீரோவுக்கு வந்துவிட்டது.

இராமபத்திரன் தேடினார். சபாபதிக்கு வழக்கமாகச் சரக்குக் கொடுக்கிற பழைய வெள்ளிக் கடைக்காரருக்கு, விற்ற ஆள் நினைவிருந்தது.

“உறையூர்க்காரன் சார். லாரி ஓட்டறவன். ஊருக்குள்ள வெள்ளம் வந்துச்சே, அதுக்கு முந்தின ஆடி மாசம் கொண்டாந்தான். சாமி காசாச்சேன்னு நான் தயங்கினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டே நீட்டினான். அதனாலதான் மறக்கலை.”

லாரிக்காரர் இறந்துபோயிருந்தார். மனைவி அஞ்சுகம் உறையூரிலேயே இருந்தாள், இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டு.

இராமபத்திரன் ரூபாயைத் துணியிலிருந்து எடுத்தார். பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் டப்பியில் வைத்தார். துணியைப் பவளக்கொடி வீட்டு அலமாரியிலேயே போட்டுவிட்டார். ஆயுசு முழுக்கத் துணி விற்றவருக்கு அந்தத் துணி அழுக்காகத் தெரிந்தது.

அப்புறம் நேராக அஞ்சுகம் வீட்டு வாசலில் போய் நின்றார். இரண்டு நாளும் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

*

“என்ன சொல்லிக் கொடுத்தீங்க?” என்று கேட்டாள் பவளக்கொடி.

இராமபத்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்குத்தான் காத்திருந்தார்.

“எல்லாம் விவரமாச் சொன்னேம்மா. ‘இந்தக் காசு உங்க வீட்டுக்காரர் கொண்டுபோய் வித்தது. வெள்ளத்துக்கு முந்தின ஆடி மாசம். வாங்கினது இன்ன கடைக்காரர். அவர்கிட்டேருந்து வாங்கினது சபாபதி. ஒரு சந்தேகமும் வேண்டாம், நானே விசாரிச்சது’ன்னு.”

“வாசல்ல நின்னா?”

“வாசல்ல நின்னுதான்.”

“இதே குரல்லயா?”

“குரலுக்கு என்ன?”

பவளக்கொடியின் கை கீரையில் நின்றது. அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி உருவ ஆரம்பித்தாள்.

“அவங்க காசைப் பார்த்தாங்களா?”

“பார்க்கலை. தெருவைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. அப்புறம் கதவைச் சாத்தினாங்க.”

“நாளைக்குப் போங்க.”

“மறுபடியுமா?”

“போங்க. ஆனா கொடுக்காதீங்க.”

“பின்னே?”

“அவங்க காசு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க.”

“கேட்டுட்டு?”

“கேட்டுட்டு வாங்க. காம்பையெல்லாம் கீரையோட போடறீங்க பாருங்க, கண்ணைத் திறந்து ஆயுங்க.”

*

அஞ்சுகம் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“மறுபடி கொண்டாந்துட்டீங்களா?”

“இல்லைம்மா. கொடுக்க வரலை. ஒண்ணு கேட்க வந்தேன்.”

“என்ன?”

“உங்க காசு எப்படி இருந்துச்சு?”

அஞ்சுகம் மாவுக் கையோடு நின்றாள். கிரைண்டரை நிறுத்தினாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

“உள்ள வாங்க” என்றாள். “வாசல்ல நின்னு கேட்கற கேள்வியா இது?”

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தரையில், கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“வெள்ளி ரூபா. எங்கப்பா என் கல்யாணத்துக்குக் கொடுத்தது. எம்பொண்ணு முத்துமாரிக்கு மூணு வயசுல அம்மை போட்டுருச்சு. உடம்புல ஊசி குத்த இடமில்லை. கண்ணுகூடத் திறக்கலை. சமயபுரத்தாளை நெனைச்சு அந்தக் காசை எடுத்தேன். சுத்தறதுக்குத் துணி அகப்படலை. கட்டியிருந்த சீலை முந்தியைக் கிழிச்சேன். பச்சைக் கரை. அதை மஞ்சத்தண்ணியில முக்கி முடிஞ்சேன்.”

“காசுல ஏதாவது அடையாளம்?”

“ஓரத்துல ஒரு நசுங்கல் இருக்கும். அம்மை போடறதுக்கு முன்னாடி, அவ அதை எடுத்து அம்மியில வெச்சுக் குழவியால ஒரு போடு போட்டா. நல்லா வாங்கினா அன்னிக்கு என்கிட்ட.”

இராமபத்திரனின் கை சட்டைப்பையைத் தொட்டது. டப்பி உள்ளே இருந்தது. ஓரத்து நசுங்கலை அவர் எத்தனையோ முறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தார். பார்த்து, குறை என்று ஒதுக்கியிருந்தார்.

“அவ எழுந்து நின்னுட்டா. கோயிலுக்குப் போகணும், போகணும்னுதான் இருந்தோம். இந்த வருஷம் முடியலை, அடுத்த வருஷம்னு தள்ளிப்போச்சு. காசு சாமி படத்துக்கு அடியிலயே கிடந்துச்சு. அவ வளர்ந்துட்டா.”

“அப்புறம்?”

“போயிட்டா. வெள்ளம் வந்து வடிஞ்ச தை மாசம். ஒருத்தனைக் கட்டிக்கிட்டு. போகட்டும், புடிச்சவனோடதானே போனா. அதுக்கு நான் ரொம்ப அழலை.”

அவள் மாவு காய்ந்த விரல்களை ஒவ்வொன்றாக உரித்தாள்.

“பொங்கலுக்குத் துடைக்கலைன்னு சாமி படத்தை எடுத்துத் துடைச்சேன். காசு இல்லை.”

இராமபத்திரன் நாற்காலி நுனிக்கு வந்தார்.

“தோட்டை எடுத்துட்டுப் போயிருந்தா, அவ தோடுன்னு விட்டிருப்பேன். அவ உசுருக்குன்னு நான் முடிஞ்சு வெச்சது அது. அதையா எடுத்து வித்துத் தின்பா? ஒரு நாள் கைப்பிள்ளையோட வந்து நின்னா. ‘காசு எங்கடி’ன்னேன். ‘எந்தக் காசும்மா’ன்னா. கதவைச் சாத்திட்டேன். அதோட சரி. இன்னிவரைக்கும் சரி.”

“உங்க வீட்டுக்காரர் எதுவும் சொல்லலையா?”

“அவரு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தாரு.”

சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள்.

தையில் போன மகள், ஆடியிலேயே விற்றுப்போன காசை எப்படி எடுத்திருப்பாள்? இந்தக் கணக்குப் போட இராமபத்திரனுக்கு நேரம் ஆகவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அந்தக் கணக்கை முதல் நாளே, அவர் வாசலில் நின்று முழங்கியபோதே போட்டு முடித்திருந்தாள்.

அவருக்கு நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. கடை, மாசம், கைமாறிய வரிசை. எதையும் சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

அஞ்சுகம் எழுந்து கிரைண்டரைப் போட்டாள்.

“போயிட்டு வாங்க” என்றாள், அந்தச் சத்தத்துக்கு மேலே.

*

“அது அவங்க காசுதாம்மா.”

“அது அவங்களுக்கு முதல் நாளே தெரியும்” என்றாள் பவளக்கொடி. அடுப்பில் சேப்பங்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

“தெரியுதில்ல? அப்போ வாங்கிக்க வேண்டியதுதானே. மகள் எடுக்கலைன்னு ஆயிடுச்சு. கூப்பிட்டுக் கட்டிக்க வேண்டியதுதானே. இத்தனை வருஷம் கழிச்சு உண்மை வீடு தேடி வந்திருக்கு, அதைப் போய் வேண்டாம்ங்கறாங்களே. என்ன மனுஷங்க.”

“கையை நீட்டுங்க.”

“எதுக்கு?”

“நீட்டுங்க சார்.”

நீட்டினார். அவள் கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஒரு கிழங்கைக் கரண்டியால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் துள்ளினார். கிழங்கு தரையில் விழுந்து அடுப்பு மேடைக்குக் கீழே உருண்டது.

“ஏன் போட்டுட்டீங்க?”

“ஏன் போட்டேனா? சுடுது.”

“சேப்பங்கிழங்கு உங்களுக்குப் பிடிக்கும்ல?”

“பிடிக்கும். அதுக்காக?”

“நல்ல கிழங்குதான். சொத்தை இல்லை. சந்தேகமே வேண்டாம், நானே பார்த்து வாங்கினது.”

இராமபத்திரன் கையை ஊதிக்கொண்டே அவளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு கிழங்கை எடுத்தாள். பாத்திரம் இறக்குகிற துணியை நாலாக மடித்து அதில் வைத்தாள். அவரிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். துணிக்குள்ளிருந்து சூடு மெதுவாக வந்தது. பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது.

கிழங்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“அந்த மஞ்சத் துணி எங்கே வெச்சேன்?”

அவள் முகவாயால் அலமாரியைக் காட்டினாள்.

அவர் துணியை எடுத்து விரித்தார். ஒரு ஓரத்தில் பச்சைக் கரை, மஞ்சள் ஏறி மங்கிப்போய் இருந்தது. பிளாஸ்டிக் டப்பியைத் திறந்தார். ரூபாயை எடுத்து நடுவில் வைத்தார். முடிச்சுப் போடப் பார்த்தார். அவிழ்ந்தது. மறுபடி போட்டார். மறுபடி அவிழ்ந்தது.

“அது உங்க வேலை இல்லை” என்றாள் பவளக்கொடி. “மடிச்சு மட்டும் எடுத்துட்டுப் போங்க.”

“எங்கேருந்து வந்துச்சுன்னு அவங்க கேட்டா என்ன சொல்றது?”

“கிழங்கு ஆறுது. உரிச்சுச் சாப்பிடுங்க.”

*

மறுநாள் காலையில் போனார். வாசலில் நின்று கூப்பிட்டார். உள்ளே வரச் சொல்லும்வரை வாயைத் திறக்கவில்லை.

“ஒரு யோசனை கேட்க வந்தேம்மா.”

“என்கிட்டயா? என்ன யோசனை?”

“நேர்ந்துக்கிட்ட காசு ஒண்ணு என் கைக்கு வந்திருக்கு. சமயபுரத்தாளுக்கு முடிஞ்சது மாதிரித் தெரியுது. என்ன செய்யறதுன்னு புரியலை. உங்களுக்கு இதெல்லாம் தெரியுமேன்னு…”

அவர் துணியை விரித்தார்.

அஞ்சுகத்தின் கை நீண்டு வந்தது. பாதியில் நின்றது. அவள் ரூபாயைப் பார்க்கவில்லை. பச்சைக் கரையைப் பார்த்தாள்.

“யாரோட காசு இது?” என்று கேட்டாள்.

இராமபத்திரன் துணியின் ஓரத்தை நீவிவிட்டார்.

“தெரியலைம்மா.”

“எப்படி வந்துச்சு?”

“வந்த வழி தெரியலை.”

ஆயுசில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகும் அவர் உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

“அன்னிக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசினீங்களே. கடை பேரெல்லாம் சொன்னீங்க.”

“தப்பாச் சொல்லிட்டேன். நான் விசாரிச்சதுல கோளாறு. யார் எடுத்தாங்க, யார் வித்தாங்க, எதுவுமே தெரியாது. தொலைஞ்ச காசு. கிடைச்சிருக்கு. அவ்வளவுதான் தெரியும்.”

சுவரில் ஒரு படம் இருந்தது. லாரிக்கு முன்னால், மட்கார்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். பெருமையாகத்தான் நின்றார். அஞ்சுகம் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் இராமபத்திரனைப் பார்த்தாள்.

“உங்களுக்குப் பொய் சொல்லவே வரலை” என்றாள்.

“பழக்கமில்லைம்மா.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துணியை மடியில் வாங்கினாள். ரூபாயின் ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். நசுங்கலில் விரல் நின்றது. பிறகு முனைகளைச் சேர்த்து, ஒரு முறுக்கு முறுக்கி, உள்ளே வாங்கி இழுத்தாள். முடிச்சு நின்றுவிட்டது.

“நேர்ந்த காசைக் கண்டவங்க போடக் கூடாது. யாருக்காக முடிஞ்சதோ அவங்க கையாலதான் உண்டியல்ல போடணும்.”

“அவங்க எங்கே இருக்காங்களோ…”

“டோல்கேட்ல இருக்கா.”

இதைச் சொல்லிவிட்டு அவளே திகைத்த மாதிரி இருந்தாள்.

“சமயபுரம் போற வழிதான்” என்றாள், யாரோ ஆட்சேபம் சொன்னது போல. “எப்படியும் அந்தப் பக்கமாத்தான் போகணும்.”

“ஆமாம்மா. அந்தப் பக்கம்தான்.”

“தெருப் பேரு மட்டும் காதுல விழுந்திருக்கு. வீடு எதுன்னு தெரியாது.”

“விசாரிச்சுடலாம்மா. அது எனக்கு வரும்.”

அவள் கையிலிருந்த மாவைக் கழுவினாள். உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாவு வாங்கத் தூக்குப்பாத்திரத்தோடு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், “இன்னிக்கு மாவு கிடையாது” என்றாள்.

“ஏன்க்கா, எங்கே கிளம்பிட்டீங்க?”

“எம்பொண்ணு வீட்டுக்கு.”

பக்கத்து வீட்டுக்காரி தூக்குப்பாத்திரத்தோடு நின்றது நின்றபடியே நின்றாள்.

*

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது.

“திரும்பிடலாம்” என்றாள் அஞ்சுகம்.

ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

“சரிம்மா” என்றார் இராமபத்திரன்.

ஆட்டோ பாலத்தில் ஊர்ந்துகொண்டே போனது.

“ஏன் சரிங்கறீங்க?”

“நீங்கதானே சொன்னீங்க.”

“நான் சொன்னா? போகணும்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

“போகணும்மா.”

“அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன. நீ ஓட்டுப்பா.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓட்டினார்.

டோல்கேட்டில் இறங்கி இராமபத்திரன் விசாரித்தார். பெட்டிக்கடையில் கேட்டார், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டார். எந்த அரிய காசுக்கும் அவர் இவ்வளவு பணிவாக விசாரித்ததில்லை. சந்தின் கடைசி வீடு என்றார்கள். நீல கேட்.

அஞ்சுகம் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். கூப்பிடவில்லை. கை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது.

உள்ளே ஒரு பெண் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. போர்வை ஒன்றை உதறித் திரும்பியவள் அப்படியே நின்றாள். போர்வையின் ஒரு பக்கம் மண்ணில் விழுந்தது.

முத்துமாரி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். கேட்டைத் திறந்தாள்.

“கிடைச்சுதா?” என்றாள்.

“ம்.”

எங்கே இருந்தது என்று அடுத்ததாகக் கேட்பாள். இத்தனை நாள் எல்லாரும் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்க வேண்டும் என்று ஏங்கிய இராமபத்திரன், இந்த ஒருத்தி கேட்டுவிடக் கூடாதே என்று நின்றார்.

முத்துமாரி கேட்கவில்லை.

“நான்தான் சரியாத் தேடலைடி” என்றாள் அஞ்சுகம்.

“சரிம்மா.”

“படத்தை மட்டும் தூக்கிப் பார்த்தேன்.”

“சரிம்மா, விடு. உள்ள வா.”

அஞ்சுகம் உள்ளே போகவில்லை. மகள் முகத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். புருவத்துக்கு மேலே மிளகு அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தொட்டாள்.

“இது ஒண்ணு மட்டும் போகவே இல்லை பாரு. சொறியாதே சொறியாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?”

“அப்போ எனக்கு மூணு வயசும்மா.”

“மூணு வயசுன்னா? பேச்சு மட்டும் பேசினே. அம்மியில காசை நசுக்கத் தெரிஞ்சுது.”

“அதையும் இன்னும் மறக்கலையா?”

“எதை மறந்தேன்?”

அப்போதுதான் முத்துமாரி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அஞ்சுகம் புருவத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. முடிந்த துணி இரண்டு பேர் கைக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. யார் பிடித்திருந்தார்கள் என்று இராமபத்திரனால் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சந்து முனையில் ஹாரன் அடித்தது.

அவர் மண்ணில் கிடந்த போர்வையைத் தூக்கி, உதறி, கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார். இன்னும் நின்றார்.

ஹாரன் மறுபடி அடித்தது.

“அம்மா” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆட்டோக்காரருக்கு வேற சவாரி இருக்காம். கோயிலுக்குப் போகணும்ல. கொஞ்சம் கிளம்பலாமா?”

அஞ்சுகம் மகளிடம் பேரன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இராமபத்திரன் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“கிளம்பலாமாம்மா?”